கோயில் வீதியிலும் பெருமண்டபத்திலும் மயான காண்டம்

காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாகப் பாடிப் புகழ் சேர்த்த மயான காண்டம், யாழ்ப்பாணத்து இசை நாடகங்களில் இன்றும் விரும்பிக் கேட்கப்படுவது. அதே நாடகத்தை ஒரு சிறிய கோயில் வீதியிலும் பல நூறு பேர் அமரும் மண்டபத்திலும் மேடையேற்றினால், பாட்டும் வசனமும் மாறாவிட்டாலும் காதை வந்தடைவது ஒன்றாக இராது.

திறந்த வெளியில் ஒலி எல்லாப் பக்கமும் விரிவதால், தூரம் இரட்டிக்குந்தோறும் அதன் அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது; 2 மீட்டரில் 80 டெசிபெல்லாக இருக்கும் குரல் 16 மீட்டரில் 62 ஆகிவிடும். மனிதச் செவி 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளையே மிகக் கூர்மையாக உணர்கிறது. உச்சத்தில் உரத்துப் பாடும் குரலில் அப்பகுதியின் வலு கூடுகிறது. ஒலிவாங்கி இல்லாத நாளில் நடிகர்கள் உச்சச் சுருதியைப் பிடித்ததில் வெறும் பகட்டு மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மண்டபத்தில் சுவர்களும் சேர்ந்து பாடுகின்றன. நேரொலிக்குப் பின் ஏறத்தாழ 50 மில்லிசெக்கனுக்குள் வரும் எதிரொலியைச் செவி தனியே பிரிக்காமல் குரலோடு சேர்த்துக்கொள்ளும். நம் 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்வதால், சுற்றிவரும் பாதை 17 மீட்டர் வரை நீண்டிருந்தாலும் சுவர் உதவியே செய்யும். ஆனால் 30 மீட்டர் தொலைவிலுள்ள பின்சுவரில் மோதி மேடைக்குத் திரும்பும் ஒலிக்கு 170 மில்லிசெக்கன் ஆகிறது. உயிரெழுத்துகளை நீட்டி இழுக்கும் சந்திரமதியின் புலம்பல் அந்த முழக்கத்தைத் தாங்கும், அதனால் அழகும் பெறும். சுடலையில் நடக்கும் விரைவான தர்க்கமோ மெய்யெழுத்துகள் மங்கிக் குழம்பிவிடும். (வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்து இதை அளவிடக் கூடாது; கூடியிருக்கும் சனமே பெரும் ஒலியுறிஞ்சி.)

மேடையின் அகலமும் தாளத்தைத் தொடுகிறது. ஆர்மோனியம் பாடகரிலிருந்து 3 மீட்டரில் இருந்தால் தாமதம் 9 மில்லிசெக்கன். 10 மீட்டரில் அது 29 ஆகி, இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக் காலம் இழுபடத் தொடங்கும்.

பின்வரிசைக்கென 35 மீட்டர் தள்ளி வைக்கும் ஒலிபெருக்கியில் மின்குறிப்பு உடனே வந்துவிடுவதால், நடிகரின் குரலை அது 100 மில்லிசெக்கன் முந்திவிடும். முதலில் வந்த ஒலியின் திசையையே செவி நம்புமாதலால், அந்த ஒலிபெருக்கியை 110 மில்லிசெக்கன் அளவுக்குத் தாமதப்படுத்தினால் குரல் அரிச்சந்திரனின் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றும். இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் ஒலிவாங்கியை நெருங்கிப் பழைய உச்சக் குரலிலேயே பாடினால், கருவி தாங்கும் அளவைக் கடந்து ஒலியலையின் முனைகள் வெட்டுண்டு கரகரக்கும். பெருமண்டபத்தில் விருத்தத்தைத் தாழ்த்திப் பாடுவதே தகும்.