மழைக்காலத்தில் நின்றுபோகும் ஸ்கெட்ச் புக்

யாங்கோனில் பொழுதுபோக்காகப் படம் போடுகிறவர்களின் நோட்டைப் புரட்டினால் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா வரை பக்கங்கள் மளமளவென்று நிறைந்திருக்கும். ஜூன் பிறந்ததும் வெறுந்தாள்தான். கேட்டால், “சோம்பேறித்தனம்” என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். பாதிக் குற்றம் தாளுடையது என்பது பலருக்குத் தெரியாது.

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை காற்றிலுள்ள ஈரத்தைத் தாள் குடித்துக்கொண்டே இருக்கும். நார்கள் ஊதி, மேற்பரப்பு மெத்தென்று ஆகிவிடும். அதில் எச்.பி. பென்சிலை அழுத்தினால் கோட்டுக்குப் பதில் பள்ளம் விழும். ரப்பரைத் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக உரியும். ஜெல் பேனா மையும் ஊற்றுப்பேனா மையும் நார் வழியே பரவி, கோட்டுக்கு மீசை முளைத்ததுபோலத் தெரியும். படம் கெட்டதும் கை கெட்டுவிட்டது என்று நினைத்து நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். மூடிய நோட்டு அலமாரியில் பூசணம் பிடிக்கிறது.

வாட்டர்கலர் தாளுக்குச் சேதம் இன்னும் ஆழமானது. தண்ணீர் உடனே உள்ளே இறங்காமல் தடுக்க அதில் பசை சேர்த்திருப்பார்கள். பூசணம் அந்தப் பசையைத் தின்றுவிடும். கண்ணுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். வண்ணம் தொட்டதும் அங்கங்கே கறுத்த திட்டு விழும். சோதிப்பது எளிது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரம் குமிழாக நின்றால் தாள் நலம். விட்டதும் உறிஞ்சிக் கறுத்தால், அதைப் பென்சிலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஜிப் பையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் உதவும், ஆனால் வரிசை முக்கியம். ஈரமான நோட்டை அப்படியே பையில் போட்டால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும். முதலில் பக்கங்களை விசிறிபோல விரித்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு பையில் போடுங்கள். வெயிலில் காய வைத்தால் அட்டை வளையும், ஒட்டுப்பசை விட்டுப்போகும். பூசணம் வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, அது விதைத் தூளைத் தாளுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். நன்றாகக் காய விட்டு, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுவதே சரி. அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் பூச்சியைத்தான் கூப்பிடும்.

இதையெல்லாம் பார்க்கும்போது, தினசரிப் பழக்கத்துக்குத் தடித்த, விலை கூடிய புத்தகம் வாங்குவதில் அர்த்தமில்லை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வைத்த நோட்டில் ஒரு கிறுக்கல் போடவும் மனசு வராது. ஏ5 அளவில் (148 x 210 மில்லிமீட்டர்), 100 முதல் 120 கிராம் வரையுள்ள தாளில், நாற்பது இலைகளுக்கு மேல் போகாத நோட்டு போதும். ஒரு மழைக்காலத்துக்குள் தீர்ந்துபோகும் நோட்டில் பூசணம் பிடிக்கும் வாய்ப்பு குறைவு. நூல் தைத்த நோட்டாகப் பாருங்கள். நன்றாக விரிந்து படுக்கும். பசை மட்டும் போட்டது இந்த வெக்கையில் இலை இலையாகக் கழன்றுவிடும். ஒரு பக்கக் கரி மறுபக்கத்தில் ஒட்டாமல் இருக்க வலப்பக்கத்தில் மட்டும் வரைந்து, ஓரத்தில் ஒரு கிளிப் மாட்டுங்கள்.

மழை மாதங்களில் எச்.பி.யைவிட மென்மையான 2பி, 4பி பென்சிலும் சாதாரண பால்பாயிண்ட் பேனாவும் கையில் இருக்கட்டும். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பிசுக்குள்ளது, அதனால் ஈரத்தாளிலும் அவ்வளவாகப் பரவாது. வெளிச்சத்தில் தொங்கவிட்டால் வெளுத்துப்போகும் என்பது உண்மை. மூடி வைக்கும் நோட்டுக்கு அதைப் பற்றி என்ன கவலை!

நேரம் பத்து நிமிடம். அதற்கென்று தனி வேளை தேடாமல், ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். யாங்கோன்காரருக்கு டீக்கடையைவிட வசதியான இடம் உண்டா? அந்தக் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலே ஒரு பாடம். அதில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்ச உயரத்துக்கு வந்துவிடும். தாளில் முதலில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போடுங்கள். அதுதான் உங்கள் கண்மட்டம். சமதரையில் நிற்கிறவர் அருகில் இருந்தாலும் எதிர்ச்சாரியில் இருந்தாலும், அந்தக் கோடு அவருடைய இடுப்பில், லுங்கி முடிச்சின் பக்கத்தில்தான் வெட்டும். அதே மாதிரி ஸ்டூலில் இருப்பவருக்குக் கண்ணில் வெட்டும். தூரத்து ஆள்களைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவதுதான் பொதுவான பிழை. முடிச்சைக் கோட்டில் மாட்டிவிட்டு ஆளை மட்டும் சிறிதாக்குங்கள், கூட்டம் தானாகத் தரையில் நிற்கும். ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், எழுந்து போய்விடுவார்.

மேசையில் வைக்கும் பச்சைத் தேநீர் பிளாஸ்க்கையும் விடாதீர்கள். வாய் வட்டம் கண்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் மெல்லிய நீள்வட்டமாகத் தெரியும். அடிவட்டம் கீழே இருப்பதால் கூடுதலாக உருண்டிருக்கும். மேசையில் பதிந்திருப்பது தட்டையான அடிதானே என்று அங்கே நேர்கோடு இழுப்பவர்கள் அதிகம். பிளாஸ்க் மிதப்பதற்கு அதுவே காரணம்.

நகரின் நடுவிலுள்ள சூலே பகோடா எட்டுப் பட்டை கொண்டது. ஒரு பட்டைக்கு நேரெதிரே, சற்றுத் தள்ளி நின்றால் மூன்று பட்டைகள் தெரியும். நடுவில் 10 பங்கு வைத்தால் இருபுறமும் 7 பங்கு வையுங்கள். மூன்றையும் சமமாகப் போட்டால் கட்டடம் விரித்து வைத்த அட்டைபோலத் தட்டையாகிவிடும். 1871இல் நம்மவர் கட்டிய அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயில் கோபுரத்தில் பொம்மைகளிலிருந்து ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் ஒரு மூலைகூட முடியாது. வெளிக்கோட்டின் சரிவு, அடுக்குகளைப் பிரிக்கும் கோடுகள், நிழல் விழும் பக்கம் ஆகிய மூன்றும் போதும். பொம்மைகளை நிழல் பக்கத்தில் மட்டும் கறுப்புப் புள்ளிகளாகக் காட்டினாலே கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

பகோடாவில் உட்காரும்போது பாதம் புத்தர் பக்கம் நீளாமல் காலை மடக்கிக்கொள்ளுங்கள். காவல் சாவடி, ராணுவக் கட்டடம், பாலம் ஆகியவற்றின் அருகே நோட்டைத் திறக்கவே வேண்டாம். “படம்தானே” என்று அங்கே யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மின்சாரம் போன இரவுகளில் வரையலாம். வலக்கைக்காரர் விளக்கை இடப்பக்கம், தலைக்குச் சற்று மேலே வைத்தால் கை நிழல் கோட்டின்மேல் விழாது. பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சார்ஜ் விளக்குகளின் வெளிச்சம் பெரும்பாலும் நீலம் பாய்ந்தது, அதில் கலந்த மஞ்சளும் பச்சையும் காலையில் வேறு நிறமாக இருக்கும். வண்ணத்தின் பெயரை மட்டும் பக்க ஓரத்தில் எழுதி வைத்து, விடிந்ததும் ஜன்னலோரத்தில் பூசுங்கள்.