நிலையான வேட்டையா, வளங்குன்றா வேட்டையா?

காட்டிறைச்சி பற்றிய அறிக்கை எது தமிழுக்கு வந்தாலும் ‘நிலையான வேட்டை’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. ‘சஸ்டெய்னபிள்’ என்றால் ‘நிலையான’ என்று யாரோ ஒருமுறை எழுதிவிட்டார்கள்; அதையே எல்லோரும் எடுத்து ஒட்டுகிறார்கள். வேறு துறைகளில் இதை நடைக்குறை என்று விட்டுவிடலாம். வேட்டையைப் பொறுத்தவரை இது பொருளையே கவிழ்த்துவிடுகிறது.

வேரைப் பார்த்தால், லத்தீனில் ‘சுஸ்தினேரே’ என்பது கீழிருந்து தாங்குதல். இன்று நாம் கொள்ளும் பொருளோ காட்டில் பிறந்தது. ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், சுரங்கங்களுக்காகக் காடுகள் அழிவதைக் கண்டு, வளரும் அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று 1713இல் எழுதினார். எடுப்பது விளைவதை மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான். இதற்குத் தமிழில் ‘வளங்குன்றா’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையில் வழங்கும் ‘நிலைபேறான’, ‘பேண்தகு’ ஆகியவற்றோடும் எனக்குப் பெரிய பிணக்கு இல்லை.

‘நிலையான’ என்பதோடுதான் பிணக்கு. நிலையான ஆட்சி, நிலையான வருமானம், நிலையான விலை என்றெல்லாம் சொல்லும்போது மாறாதது என்றுதான் பொருள். அப்படியானால் நிலையான வேட்டை என்பது ஆண்டுதோறும் ஒரே அளவு பிடிபடும் வேட்டை. காடு காலியாகும்போதும் இது நடக்கும்! சந்தைக்கு வரும் இறைச்சியின் எடை குறையாமலே இருக்கும். வேட்டைக்காரர் கூடுதல் தொலைவு நடந்திருப்பார், கூடுதல் கண்ணி வைத்திருப்பார். பெரிய விலங்கின் இடத்தில் எலி போன்ற கொறிணிகள் வந்திருக்கும். கானாவின் தக்கோராடி நகரச் சந்தையை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. மெதுவாகப் பெருகும் இனங்கள் முன்பே தீர்ந்துபோய், வேகமாகப் பெருகும் கொறிணிகளும் சிறு இரலைகளுமே மிஞ்சியதால் வணிகம் சீராகத் தெரிந்தது. ‘நிலையான’ என்று மொழிபெயர்ப்பவர் இந்தச் சந்தைக்குத் தன்னையறியாமல் நற்சான்று கொடுக்கிறார்.

எனவே மொத்த எடையை மட்டும் கேட்டால் போதாது. ஒரு வேட்டை நாளுக்கு எவ்வளவு, எந்த இனம், எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று கேட்க வேண்டும். கண்ணியில் சிக்கி அழுகிப்போனவை சந்தைக் கணக்கில் வரவே வராது. ஆகவே ‘பிடி’ வேறு, ‘விற்பனை’ வேறு. இரண்டையும் ‘அறுவடை’ என்று ஒரே சொல்லில் அடைப்பது இன்னொரு தவறு.

ராபின்சன், ரெட்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் தந்த கணக்கு ‘குன்றா’ என்ற சொல்லுக்கு உரை எழுதியதுபோல் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு காடு சதுர கிலோமீட்டருக்கு 10 விலங்குகளைத் தாங்கும் என்று கொள்வோம். அதில் 60 விழுக்காடு, அதாவது 6 இருக்கும்போது பெருக்கம் உச்சத்தில் இருக்கும் என்று கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றரை மடங்காகும் இனமென்றால் புதிதாகச் சேர்வது 3. மிகக் குறுகிய ஆயுள் இனமானால் அந்த மூன்றில் 60 விழுக்காடும், குறுகிய ஆயுளுக்கு 40, நீண்ட ஆயுளுக்கு 20 விழுக்காடும்தான் எடுக்கலாம். அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு முறையே 1.8, 1.2, 0.6 விலங்குகள். பிடி இதைத் தாண்டினால் வளம் குன்றுகிறது என்று துணிந்து சொல்லலாம். தாண்டாவிட்டால் குன்றவில்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இது உச்சப் பெருக்கத்தை வைத்துப் போட்ட மேல்வரம்பு. ஆய்வாளர் கவனமாக எழுதும் இந்த வேறுபாடு, கொள்கைச் சுருக்கமாக மாறும்போது ‘நிலையானது என உறுதியானது’ என்று ஆகிவிடுகிறது.

‘அன்சஸ்டெய்னபிள்’ வேட்டையைச் ‘சட்டவிரோத வேட்டை’ என்று எழுதுவது இதைவிட மோசம். வளம் குன்றுகிறதா என்பது உயிரியல் கேள்வி. சட்டப்படியா என்பது வேறு கேள்வி. கேமரூனின் 1994 சட்டமும் அதையொட்டிய 1995 ஆணையும் மரபு வேட்டைக்கு இடம் கொடுத்தன, ஆனால் கருவிகள் தாவரப் பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும் என்றன. வீட்டுச் சமையலுக்காக இரும்புக் கம்பிக் கண்ணியில் ஒரு கொறிணியைப் பிடித்தால்கூட அந்தச் சட்டப்படி அது விதிமீறலாக இருந்தது. அதே நேரம், உரிமத்தோடு நடக்கும் வேட்டையும் ஒரு இனத்தைத் தீர்த்துவிட முடியும். மூலத்தில் ‘அன்சஸ்டெய்னபிள்’ என்று இருந்தால் ‘வளங்குன்றும்’ என்றே எழுதுங்கள். குற்றம் சாட்டுவது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை.

‘புஷ்மீட்’ என்பதைப் ‘புதர் இறைச்சி’ ஆக்குவோரும் உண்டு. அந்த ‘புஷ்’ செடிப்புதர் அல்ல, திருத்தப்படாத காட்டு நிலம். பிரெஞ்சின் ‘ப்ரூஸ்’, ஸ்பானியத்தின் ‘மோந்தே’ இரண்டும் அதையே குறிக்கின்றன. காட்டிறைச்சி போதும். 2018இல் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் உயிரியற் பன்மய உடன்படிக்கை நாடுகள் ஏற்ற வழிகாட்டலிலும் ‘புஷ்’ அல்ல, ‘வைல்ட் மீட்’தான் தலைப்பில் நிற்கிறது.

‘கோட்டா’வை ‘ஒதுக்கீடு’ என்பதையும் விட வேண்டும். ஒதுக்கீடு என்றால் நமக்குச் சேர வேண்டிய பங்கு, முழுவதையும் எடுத்துத் தீர்க்கலாம் என்று படிப்பவர் நினைப்பார். ‘பிடி வரம்பு’ என்று எழுதினால் அதற்குள் நிற்க வேண்டும் என்று புரியும். கணக்கெடுப்பில் விலங்கு குறைந்தால் அடுத்த ஆண்டு வரம்பும் இறங்கும் என்பதையும் தடையின்றிச் சொல்லலாம்.