நாடாவில் விழுந்த முடிச்சு

என் அத்தை கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அது கைக்குள்ளேயே உடைந்தது. மோதிர விரலின் நடு மூட்டை ஒட்டி ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். பக்கத்துக் கிளினிக்கில் தோலுக்கு மூன்று தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்துத் தையல் பிரித்தபோதுதான் விரல் நுனி மடங்கவில்லை என்பது தெரிந்தது. நரம்பு அறுந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நம் பேச்சில் உடம்புக்குள் கயிறுபோல ஓடுவதெல்லாம் நரம்புதான். உண்மையில் அறுந்திருந்தது தசைநாண்.

விரலில் வெட்டு விழுந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விரலின் நடுப்பகுதியை மறு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். மடங்கவில்லை என்றால் தோல் தையலோடு விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். அந்தக் கிளினிக்கில் இதை யாரும் செய்யவில்லை.

விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது. ஒரு கையின் முன்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை புரள்வது தெரியும். இழுப்பவை அந்தத் தசைகள், இழுபடுபவை விரல் எலும்புகள், இடையில் ஓடும் கயிறுதான் தசைநாண். விரல்களையும் கட்டைவிரலையும் மடக்க ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டின் ஒரே குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் வருகின்றன. கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு. மேலே ஓடுவது நடு எலும்பில் போய்ப் பற்றுகிறது. கீழே ஓடுவது நுனி எலும்புவரை போக வேண்டும், ஆனால் மேலே உள்ளது வழியில் நிற்கிறது. அதற்காக மேல் தசைநாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, கீழ் தசைநாண் ஊசிக்காதில் நூல் நுழைவதுபோல அதன் நடுவே புகுந்து போகிறது.

இவ்வளவும் எலும்போடு ஒட்டிய இறுக்கமான உறை ஒன்றுக்குள் நடக்கிறது. உறையின்மேல் ஆங்காங்கே வளையங்கள் இருந்து தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கின்றன. அவை இல்லாவிட்டால் விரலை மடக்கும்போது அது வில்லின் நாண்போல எலும்பை விட்டு எழும்பி நிற்கும். பெயர் வைத்தவர் அதை நினைத்துத்தான் வைத்தாரோ என்னவோ.

பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நேஃபாவுக்குள், அதாவது நாடா நுழைக்கும் இடுப்பு மடிப்புக்குள், அது வழுக்கி ஓடும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் அறுந்து, முடிச்சுப் போட்டுச் சேர்த்தால் என்ன ஆகும்? முடிச்சு தடுக்கும். முடிச்சு உள்ளே துணியோடு ஒட்டிக்கொண்டால் நாடா முழுவதுமே நின்றுவிடும். கை அறுவை மருத்துவர்களின் தலைவலி மொத்தமும் இந்த முடிச்சில் இருக்கிறது.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்புவரை உள்ள பகுதிக்கு அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னெல் ‘யாருக்கும் உரிமையில்லாத நிலம்’ என்று பெயர் வைத்தார். போர்க்களத்தில் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளுக்கு நடுவே கிடக்கும் நிலத்தின் பெயர் அது. அங்கே அறுந்த தசைநாணை உடனே தைக்காதீர்கள், காயம் ஆறட்டும், பிறகு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்துவந்து ஒட்டுப் போடுங்கள் என்பது அவர் காலத்து நடைமுறை. 1967இல் லூயிவில் நகரத்து ஹெரால்ட் கிளைனர்ட்டின் குழு, அங்கும் நேரடியாகத் தைத்து நல்ல பலன் காண முடியும் என்று காட்டிய பிறகே எண்ணம் மாறியது.

தைப்பதில் அப்படி என்ன சிரமம்? இரண்டு விரல் நுனிகளால் ஒரு பொருளை அழுத்திப் பிடிக்கும்போது அந்த மெல்லிய தசைநாணில் 120 நியூட்டன்வரை இழுவிசை அளக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ எடை கயிற்றில் தொங்குவதற்குச் சமம். தையல் அதைத் தாங்காது. தாங்கட்டும் என்று நூலைக் கூட்டினால் முடிச்சு பருத்து உறைக்குள் நுழையாது. தையல் ஆறும்வரை விரலை அசைக்காமல் வைக்கலாமே என்றால், அசையாத விரல் உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. அசைத்தால் தையல் விட்டுப்போகும் ஆபத்து. அத்தைக்கு அறுவை முடிந்த சில நாட்களிலேயே கையைக் கட்டுப்பட்டையில் வைத்துக்கொண்டு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டும் பயிற்சி தொடங்கிவிட்டது. வலியைவிட பயம்தான் அதிகம் என்றார்.

இந்த ஒட்டல் எங்கிருந்து வருகிறது? தசைநாணுக்குள் செல்கள் குறைவு, இரத்த ஓட்டமும் சொற்பம். அதனால் ஆற்றும் வேலையில் பெரும்பங்கைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வரும் செல்கள் எடுத்துக்கொள்கின்றன. அவை அவசரத்தில் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை ஒழுங்கில்லாமல் கொட்டுகின்றன. அறுந்த இரு முனைகளும் சேர்கின்றன, கூடவே தசைநாணும் உறையும் சேர்ந்துவிடுகின்றன. உடம்புக்கு வெட்டை அடைப்பதுதான் முக்கியம். அடைத்தது வழுக்கி ஓடுமா என்பது அதன் கவலை இல்லை.

உடம்புக்குள் வைப்பதற்கான பொருட்களை, அதாவது உயிரிப்பொருள், செய்கிறவர்கள் முன்னால் உள்ள வேலை இதனால்தான் விசித்திரமானது. எலும்புக்கு உறுதி போதும், தோலுக்கு மூடல் போதும். இங்கே ஒரே பொருள் ஓர் இடத்தில் இறுகப் பிடிக்க வேண்டும், ஒரு மயிரிழை தள்ளி வழுக்க வேண்டும். பலம் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஆய்வுகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

பலத்துக்கு வழிகள் இருக்கின்றன. தசைநாணின் உலர் எடையில் பெரும்பகுதி கொலாஜன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும்போது நடப்பது, தோலில் உள்ள கொலாஜன் இழைகளுக்கு இடையே வேதிக் குறுக்குப் பிணைப்புகள் போடுவதுதான். பன்றி இதய வால்வை மனிதருக்குப் பொருத்துமுன் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் ஊறவைப்பதும் ஒருவகையில் பதனிடுவதே. அப்படியானால் தசைநாணையும் பதனிட்டு வைத்துவிடலாமே? வைக்கலாம். பலமாகவே இருக்கும். ஆனால் அதற்குள் செல்கள் எளிதில் புகுந்து குடியேற முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. புதுப்பிக்கப்படாத கயிறு தேய்ந்துகொண்டே போகும்.

அதற்கு மாற்றாக ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் சாங்கின் குழு எடுத்த பாதை, இறந்தவரின் விரல் தசைநாணைச் சோப்பு போன்ற வேதிப்பொருட்களில் கழுவி அதன் செல்களை மட்டும் நீக்குவது. கொடையாளரின் செல்கள் போய்விட்டால் உடம்பு அதை எதிர்ப்பதும் குறைகிறது. கொலாஜன் சாரம் அப்படியே நிற்கிறது. கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல, ஏறி வேலை செய்ய ஆட்கள்தான் வர வேண்டும்.

பட்டும் இங்கே வருகிறது. பட்டுப்புழுவின் நூலில் ஃபைப்ராயின் என்ற புரதத்தைச் செரிசின் என்ற பசை மூடியிருக்கும். பசையோடு உடம்புக்குள் வைத்தால் எதிர்ப்பு கிளம்பும். சோடா சேர்த்துக் கொதிக்கவைத்துப் பசையை நீக்கினால், பலமும் நெகிழ்வும் உள்ள, மெல்ல மெல்ல உடம்பே கரைத்துக்கொள்ளும் இழை கிடைக்கும். பட்டு நெசவில் நூலின் பசை நீக்கும் அதே வேலைதான். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழு இதை முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நாருக்காக முறுக்கிப் பார்த்தது.

மின்னழுத்தத்தால் இழை இழுப்பது மற்றொரு முறை. பாலிமர் கரைசலை ஊசி முனையில் நிறுத்தி ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் அது தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாகப் பீய்ச்சிக்கொண்டு போகும். வேகமாகச் சுழலும் உருளையில் பிடித்தால் இழைகள் ஒரே திசையில் வரிசையாகப் படியும். அதன்மேல் விட்ட செல்களும் அந்தத் திசையிலேயே நீண்டு படுக்கின்றன. தாறுமாறாகக் கொட்டும் செல்லுக்கு இது கோடு போட்ட நோட்டு.

வழுக்குவதற்கு வருவோம். மூட்டுகளில் இயல்பாகவே உயவுக்கு இருக்கும் பொருட்கள் ஹயலுரானிக் அமிலமும் லூப்ரிசின் என்ற புரதமும். மேயோ கிளினிக்கில் பீட்டர் அமாடியோ, சுன்ஃபெங் ஜாவோ ஆகியோர் இவற்றை ஜெலட்டினோடு பிணைத்துத் தைத்த தசைநாணின்மேல் பூசி நாய்களில் சோதித்தார்கள். ஒட்டல் குறைந்தது, விரல் நன்றாக வழுக்கியது. கூடவே தைத்த இடம் பலவீனமாகவும் ஆறியது. பூச்சுக்கு உறை எது, தையல் எது என்று தெரியாதே.

2022இல் ஹார்வர்டில் டேவிட் மூனியின் ஆய்வகம் கொண்டுவந்த ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த ஜெல்) பட்டை இந்தச் சிக்கலை நேராகவே பிடித்தது. ஒரு பக்கம் கைட்டோசான் என்ற ஒட்டும் பொருள் பூசியது, தசைநாணை இறுகப் பிடிக்கும். மறு பக்கம் வழவழப்பானது, சுற்றியுள்ள திசுவில் ஒட்டாது. இரண்டு முகமுள்ள ரோமானியக் கடவுள் ஜேனஸின் பெயர் அதற்கு. ஈரத்திலும் ஒட்டும் அந்தப் பசையின் யோசனை ஒருவகை ஓடில்லா நத்தையின் சளியிலிருந்து வந்தது. பட்டைக்குள் அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை நிறையவே ஏற்றி வைக்கலாம். அது மெதுவாகக் கசியும். எலிகளின் காயங்களில் வடு குறைந்தது, அழற்சி தணிந்தது.

எலியின் எந்தத் தசைநாண் என்று கேட்க வேண்டும். முழங்கால் சில்லிலும் குதிகாலிலும் உள்ளவை. இரண்டும் உறைக்குள் ஓடுபவை அல்ல. அங்கே நேஃபாவே கிடையாது. நாயின் பாதத்தில் மனித விரலைப் போன்ற உறை இருக்கிறது. மேயோ குழு நாயைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுதான். இன்னொரு இடைஞ்சல், பட்டை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் ஏற்கெனவே தையலால் பருத்த இடத்தின்மேல் அது கூடுதல் கனம். இறுக்கமான வளையத்துக்குள் அரை மில்லிமீட்டருக்குக்கூட விலை உண்டு.

அத்தைக்கு வைத்தது இவை எதுவுமில்லை, வெறும் நூல். விரல் மடங்கியபின் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று சிகிச்சையாளர்கள் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். அவருக்கு ஆறு மாதம் கழித்து ஒரு சென்டிமீட்டர். சோற்றைப் பிசைந்து உருட்ட முடிகிறது, புடவைக் கொசுவம் பிடிக்க முடிகிறது. சில்லறையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நடந்தால் மட்டும் மோதிர விரலுக்கு அடியில் ஒரு ரூபாய் நழுவி விழுந்துவிடுகிறது.