நட்சத்திரத்தை ஃபோகஸ் செய்ய எந்தத் திரை?

பகலில் கச்சிதமாகப் படமெடுக்கும் ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமரா, இரவில் ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸ் செய்யும்போது திணறும். பெரும்பாலும் லென்ஸில் குறை இருக்காது. வியூஃபைண்டருக்குள் நாம் பார்க்கிற ஃபோகஸிங் ஸ்கிரீன்தான் காரணம். லென்ஸிலிருந்து வரும் ஒளியைச் சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பி இந்தத் திரைக்கு அனுப்புகிறது. திரையும் ஃபிலிமும் லென்ஸிலிருந்து ஒரே ஒளித்தூரத்தில் இருப்பதால், திரையில் கூர்மையாக விழுவது ஃபிலிமிலும் கூர்மையாக விழும்.

கேமராவோடு வரும் திரையின் நடுவில் வழக்கமாக ஸ்ப்ளிட் இமேஜ் வட்டம் இருக்கும். எதிரெதிராகச் சாய்ந்த இரு சிறு பட்டகங்கள், லென்ஸின் எதிரெதிர் ஓரங்களிலிருந்து வரும் ஒளியைக் கண்ணுக்குத் தருகின்றன. எஃப் 10 தொலைநோக்கியை, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப்போல் பத்து மடங்கு இருப்பதால் ஒளிக்கற்றை ஒடுங்கி வரும் ஒன்றை, மாட்டினால் அந்த ஓரங்களிலிருந்து ஒளியே வராது. வட்டத்தில் ஒரு பாதி கறுத்துவிடும்.

அடுத்தது முழு மேட் திரை, அதாவது முழுதும் சொரசொரப்பான திரை. 1972-இல் எம்-1 என்ற பெயரில் வந்து, பிறகு பெயர் மாறிய ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவுக்கு 1-8 என்ற எண்ணில் இப்படி ஒன்று உண்டு. நீண்ட டெலிஃபோட்டோ லென்ஸுக்கும் தொலைநோக்கிக்கும் என்றே செய்தது. பிரகாசமான நட்சத்திரங்களுக்கு இது போதும். ஆனால் மேட் பரப்பு ஒளியைச் சிதறடிக்கிறது. மங்கலான நட்சத்திரம் அதன் சொரசொரப்பில் கரைந்துபோகும்.

தொலைநோக்கி வழியே படமெடுப்பவர்களுக்கு நான் சொல்வது, நடுவில் தெளிந்த கண்ணாடியும் குறுக்குக்கோடும் உள்ள திரை. நிக்கான் எஃப்2-வுக்கான சி வகை அப்படிப்பட்டது. ஒளி சிதறாமல் நேராகக் கண்ணுக்கு வருவதால் மங்கலான நட்சத்திரமும் பளிச்சென்று தெரியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: பிம்பம் திரைக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ விழுந்தாலும், கண் தன்னைச் சரிசெய்துகொண்டு அதைக் கூர்மையாகவே காட்டிவிடும்.

அங்கேதான் குறுக்குக்கோடு உதவுகிறது. ஜன்னல் கம்பிக்கு அப்பால் தெருவிளக்கைப் பார்த்தபடி தலையை அசைத்தால், கம்பியை விட்டு விளக்கு நகர்வதுபோல் தெரியும் அல்லவா? இரண்டும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதுதான் காரணம். வியூஃபைண்டரிலும் அதேதான். முதலில் கோடு கூர்மையாகத் தெரியும்படி ஐபீஸைச் சரிசெய்யுங்கள். அப்புறம் நட்சத்திரத்தைக் கோட்டின் மேல் வைத்து, கண்ணை இடம் வலமாக மெல்ல அசையுங்கள். நட்சத்திரம் கோட்டை விட்டு விலகினால் ஃபோகஸ் இன்னும் சரியில்லை; கோட்டோடு ஒட்டியே நின்றால் பிம்பம் திரையின் தளத்திலேயே இருக்கிறது. எஃப்2-வின் ஆறு மடங்கு உருப்பெருக்கும் டிடபிள்யூ-2 வியூஃபைண்டரை மாட்டினால் சிறு விலகலும் கண்ணில் படும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எஃப் 2.8 லென்ஸில் ஃபோகஸ் 0.1 மில்லிமீட்டர் பிசகினால், புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் சுமார் 36 மைக்ரான் அகல வட்டமாகிவிடும். எஃப் 10-இல் அதே பிசகு 10 மைக்ரான்தான். எஃப் எண் சிறிதாக உள்ள வேகமான லென்ஸைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். முடிவிலிக் குறியில் வளையத்தை வைத்துவிட்டால் போதும் என்று நம்ப முடியாது. பல டெலிஃபோட்டோ லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும்.

திரையை மாற்றினால் ஒளிமானி காட்டும் அளவும் மாறலாம். பல்ப் மோடில் அரை மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைப்பவருக்கு அது பொருட்டல்ல. புதுத் திரை அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஃபிலிம் போடுமுன் பின்கதவைத் திறந்து, பல்பில் ஷட்டரைத் திறந்து வைத்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டை வையுங்கள். பிரகாசமான நட்சத்திரம் ஒன்று அங்கேயும் கூர்மையாக விழுந்தால், திரை சரியான இடத்தில் இருக்கிறது.