யார் போட்ட டிக், எங்கிருந்து போட்டது?

புதுச்சேரி சேதராப்பட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டைக் குறித்த இறுக்கத்துக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சில் கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது; ரெஞ்சின் அளவு சரி என்று சோதித்தது எந்தத் தேதி வரை செல்லும் என்று அது சொல்லும். அதிலுள்ள தேதி போன வாரமே முடிந்துவிட்டது. ஆனாலும் பாகம் பளபளவென்று வெளியே வரும். கடைசிச் சோதனையில் பாஸ் ஆனாலும் ஆகிவிடும்.

அதனால் வாகனத் துறையில் பொருளோடு நிற்காமல், வேலை நடக்கிற விதத்தையும் அடுக்கடுக்காகத் தணிக்கை செய்கிறார்கள். பெரும்பாலும் ஷிஃப்டுக்கு ஒருமுறை சூப்பர்வைசர், வாரம் ஒருமுறை மேனேஜர், மாதம் ஒருமுறை ஆலைத் தலைவர். எல்லோரும் அதே மெஷின் முன்னால் நின்று ஆம், இல்லை என்று டிக் போடுவார்கள். பத்து நிமிட வேலை. ஏஐஏஜி என்ற அமெரிக்க வாகனத் துறை அமைப்பு இதற்காகவே சிக்யூஐ-8 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது.

காகிதத்தில் இது சீக்கிரமே சடங்காகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் டீ குடித்தபடியே வாரம் முழுவதற்கும் டிக் போட்டுவிடலாம்.

இந்தத் தணிக்கைக்கு மென்பொருள் வந்தால், மெஷினில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால்தான் கேள்விகள் திறக்கும். (அந்தக் கோடையே போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு கேன்டீனிலிருந்து ஸ்கேன் செய்யும் கில்லாடிகளும் உண்டு.) ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் பதிவாகும்; 15 கேள்வியை 40 நொடியில் முடித்தால் தெரிந்துவிடும். கேள்விகளும் தினமும் மாறி மாறி வரும், அதனால் மனப்பாடம் பலிக்காது. ‘இல்லை’ என்றால் படம், பொறுப்பாளர், கெடு மூன்றும் கேட்கும். கெடு தாண்டினால் விஷயம் மேல் அடுக்குக்குப் போய்விடும்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது அடுக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். ஒரே இடத்தில் சூப்பர்வைசர் மாதம் முழுக்க ‘ஆம்’ போட்டிருக்கிறார். மேனேஜர் நான்கு முறை போய் மூன்று ‘இல்லை’ போட்டிருக்கிறார். காகிதக் கட்டில் புதைந்து கிடக்கும் இந்த முரண் திரையில் சட்டென்று கண்ணில் படும். உடனே சூப்பர்வைசரைத் திட்டினால் கெட்டது காரியம்: மறுநாளிலிருந்து எல்லாமே ‘ஆம்’தான். முதலில் கேள்வியைப் பார்க்க வேண்டும். ‘ரெஞ்ச் சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தால், அது முறுக்குகிறதே என்று அவர் நேர்மையாகவே டிக் போட்டிருப்பார். ‘ஸ்டிக்கரில் என்ன தேதி? படம் எடுங்கள்’ என்று மாற்றினால், அவரே குனிந்து ஸ்டிக்கரைப் படித்தாக வேண்டும்.