டிபி மாத்திரைக்குக் கேட்காத காய்ச்சல்

மண்ணிலிருந்து வரும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று நோயோடு இந்த மழைக்காலத்தில் வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு ஏக்கர் நெல். பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை இருந்தால் போடுவார், தீர்ந்துவிட்டால் அடுத்த முறை டவுனுக்குப் போகும்வரை இல்லை. ஐப்பசி நடவு முடிந்த கையோடு காய்ச்சல். முதலில் ஊரிலேயே ஊசி, அப்புறம் டைபாய்டு என்று ஒரு வாரம், அப்புறம் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கம் நிழல் தெரிந்ததும் டிபி. சளியில் டிபி கிருமி இல்லை. ஆனாலும் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். எங்களிடம் வரும்போது ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டு, பதினோரு கிலோ குறைந்து, இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. "ஒரு நாள்கூட விடல மேடம், நான்தான் எண்ணி எண்ணிக் குடுத்தேன்" என்றார் அவர் மனைவி. எங்கே தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற பயம் அந்தக் குரலில். அம்மா, நீங்கள் எண்ணிக் கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை. மாத்திரைதான் தப்பு.

வயிற்று ஸ்கேனில் மண்ணீரலில் நான்கைந்து சின்னச் சீழ்க்கட்டிகள். அதைப் பார்த்ததும் வார்டு டாக்டர் எனக்குப் போன் செய்தார். ரத்தம், சிறுநீர், தொண்டையிலிருந்து ஒரு துடைப்பு, கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய சீழ், எல்லாம் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, வந்தன.

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். நோயாளிகளைவிடக் கல்ச்சர் தட்டுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். முதல் நாள் தட்டில் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத புள்ளிகள். அவசரக்காரர்கள் அன்றைக்கே தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் அதே புள்ளிகள் காய்ந்து, சுருங்கி, மடிப்பு மடிப்பாக நிற்கும். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு முனையும் அடர்ந்து நடுவில் வெளிறி, ஊக்கு மாதிரி இருக்கும். கிருமிக்கொல்லி மருந்து தோய்த்த வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராது. ஜென்டாமைசின் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. கோலிஸ்டினுக்கும் அப்படியே. அமாக்ஸிகிளாவ் வில்லையைச் சுற்றி மட்டும் சுத்தமான வட்டம். இந்த மூன்றும் இப்படிச் சேர்ந்து வந்தால் மெலியாய்டோசிஸ் என்றே நினைக்க வேண்டும், வேறு பரிசோதனை வந்து இல்லை என்று சொல்லும்வரை. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், மூன்று வில்லை போதும். லேப் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். இந்தக் கிருமி மூச்சு வழியாகவும் ஏறும்.

இவருடைய ரத்தத்தில் அதே கிருமி ஒரு மாதத்துக்கு முன்பே வளர்ந்திருக்கிறது. வேறொரு லேப் ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். "சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்" என்று ஒரு வரி. சூடோமோனாஸ் என்பது சுற்றுப்புறத்தில் சாதாரணமாக இருக்கும் வேறொரு கிருமி இனம். அந்த ஒரு வரிக்கு இவர் கொடுத்த விலை ஒரு மாதம்.

பர்க்கோல்டீரியா சூடோமாலீ என்ற இந்தக் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது மிக மிக அபூர்வம். இது மண்ணில் இருக்கிறது. வயல் சேற்றில், மழைத் தண்ணீரில் இருக்கிறது. கால் வெடிப்பு வழியாக, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். பலத்த மழைக்காற்றில் மூச்சோடு போகும். சுத்தம் செய்யாத தண்ணீரோடும் போகும். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், எலும்பு, மூட்டு, ஆண்களுக்கு புராஸ்டேட் என்று எங்கும் சீழ் கட்டும். ஆட்களில் இது முதலில் குறி வைப்பது சர்க்கரை நோயாளிகளை. வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்காவது சர்க்கரை இருக்கும். பல பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரியும். அதிகம் குடிப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அடுத்தடுத்த வரிசையில்.

சரி, என்னை நிஜமாகவே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "நாள்பட்ட காய்ச்சல், எடை குறைவு, மேல் நுரையீரலில் நிழல். அப்படியென்றால் டிபிதான்." இதை மருத்துவம் படித்தவர்களும் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். நம் ஊரில் டிபி அதிகம். சளியில் கிருமி தெரியாத டிபியும் உண்டு. சில நேரம் ஆதாரம் கிடைக்காமலே மாத்திரை ஆரம்பிக்க வேண்டியும் வரும். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆதாரம் இல்லாமல் ஆரம்பித்தால், இது சந்தேகத்தில் ஆரம்பித்த மருந்து என்பது கடைசிவரை நினைவில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் இறங்கவில்லை, பசி திரும்பவில்லை என்றால் "மருந்து மெதுவாகத்தான் கேட்கும்" என்று சமாதானம் சொல்லக் கூடாது, முதலிலிருந்து யோசிக்க வேண்டும். டிபி மாத்திரை மெலியாய்டோசிஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. அது கேட்காது என்று மறுபடியும் சொல்கிறேன். ஆறு வாரம் சாப்பிட்டாலும் கேட்காது, ஆறு மாதம் சாப்பிட்டாலும் கேட்காது. அந்த நாட்களில் கிருமி நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மண்ணீரலுக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பாட்டில் ரத்தக் கல்ச்சர் எடுத்து, வளர்ந்ததைச் சரியாகப் பார்த்தால் பல பேரிடம் தெரிந்துவிடும். ஒருமுறை வரவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும், ஏனென்றால் கல்ச்சரே பத்தில் நான்கு பேரிடம் இதைத் தவறவிடக்கூடும். அதற்குப் பதில் விரைவு ஆன்டிபாடி சோதனை (ரத்தத்தில் கிருமிக்கு எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தோமே என்று வருகிறவர்களுக்கு: வயல்காட்டில் வளர்ந்த பல பேருக்கு நோய் இல்லாமலே அந்தச் சோதனை பாசிட்டிவ் வரும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

இது ஏதோ வெளிநாட்டு நோய் என்று நினைப்பவர்களும் உண்டு. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் இறந்துபோன மார்பின் அடிமைகளின் உடல்களில் இதை முதலில் கண்டவர்கள் இருவர்: ஆல்பிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசாமி. 1912இல் கட்டுரையும் இருவர் பெயரிலேயே வந்தது. "விட்மோர் நோய்" என்ற பெயர் மட்டும் நின்றது. கிருஷ்ணசாமியை நம் மாணவர்களுக்கே தெரியாது. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அவர் பெயரை நான் சொல்கிறேன். அவர்கள் கண்டது குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போலவே இருந்தது. ஆனால் இறந்தவர்களுக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. அப்படித்தான் இது தனி நோய் என்று பிரிந்தது.

கிளாண்டர்ஸ் கிருமி இதன் நெருங்கிய உறவு, குதிரை, கழுதை, கோவேறு கழுதையைவிட்டு மண்ணில் தங்காது. மனிதர்களுக்கு வருவது அபூர்வம். ஆனால் இந்தியாவில் 2006க்குப் பிறகு குதிரைகளிடம் திரும்பத் தலைகாட்டிக்கொண்டிருக்கிறது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் ரத்தம் பார்த்து உறுதி செய்கிறது. குதிரை, கழுதை வைத்திருப்பவர்கள் மூக்கில் புண்ணும் கெட்டியான சளியும் கண்டால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2000இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வாளருக்கு லேபிலிருந்தே கிளாண்டர்ஸ் தொற்றியது. அவருக்கும் சர்க்கரை இருந்தது. அங்கேயும் கிருமியை அடையாளம் காணும் இயந்திரம் முதலில் சூடோமோனாஸ் வகை என்றுதான் பெயர் சொன்னது.

2016இல் வெளிவந்த ஒரு கணக்கீடு, உலகில் வருடத்துக்கு 1,65,000 பேருக்கு மெலியாய்டோசிஸ் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்றது. நோயில் 44 சதவீதம் தெற்காசியாவில். நம் பதிவேடுகளில் அந்த எண்ணிக்கையின் நிழல்கூட இல்லை. வேலூர், புதுச்சேரி, மணிப்பால் என்று தேடிப் பார்க்கும் லேப் இருக்கும் இடங்களிலிருந்துதான் கேஸ்கள் வருகின்றன. இலங்கையிலும் பல வருடம் ஒன்றிரண்டுதான். அங்குள்ள நுண்ணுயிரியலாளர் ஈனோகா கொரியாவும் அவர் குழுவும் நாடு முழுக்கத் தேட ஆரம்பித்த பிறகு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. தாய்லாந்தில் கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் கிரிஸ்பர் முறையில் ஒரு சோதனை உருவாக்கி, சீழிலும் சிறுநீரிலும் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். நம் மாவட்ட மருத்துவமனைக்கு அது வரும் நாளை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த மூன்று வில்லைகள்தான்.

மருந்து இருக்கிறது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம், நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள். பெரிய கட்டி இருந்தால் இன்னும் அதிகம். சரியான மருந்து ஏறினாலும் காய்ச்சல் இறங்கச் சராசரியாக 9 நாள் ஆகும். ஐந்தாம் நாளே "வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறோம்" என்று கிளம்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு குறைந்தது மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. முன்பெல்லாம் டாக்சிசைக்ளினையும் சேர்த்துக் கொடுப்போம். அது தேவையில்லை என்று 2014இல் ஒரு தாய்லாந்து ஆய்வு காட்டிவிட்டது, அதனால் மாத்திரைச் சுமை குறைந்திருக்கிறது. உடம்பு தேறிவிட்டது என்று ஒரு மாதத்தில் நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்ப வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

சர்க்கரை உள்ளவர்கள் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் புகாத கட்டு போட்டு, கம்பூட் போட்டுக்கொள்ளுங்கள். நடவு வயலில் கம்பூட் சேற்றில் மாட்டிக்கொள்ளும், தெரியும். வரப்பு வேலைக்கும் வாய்க்கால் வேலைக்குமாவது போடலாமே. கரையேறியதும் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சர்க்கரை மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் "எனக்குச் சர்க்கரை இருக்கு, வயல்ல வேலை செய்றேன், ரத்தத்துக்குக் கல்ச்சர் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நேற்று வார்டுக்குப் போனேன். ஊசி ஏற ஆரம்பித்து பதினொன்றாம் நாள். முதல் முறையாக இரவு முழுக்கக் காய்ச்சல் இல்லை. அரை இட்லியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, "தை அறுப்புக்கு இறங்கலாமா மேடம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஜோடி புது கம்பூட்.