பதினெட்டில் உயர்ந்து நிற்கும் தூண்: டேட்டா சயின்ஸோடு உளவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வில்லை. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று எந்தப் பக்கத்திலிருந்து பேசினாலும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான். "டேட்டா சயின்ஸும் சைக்காலஜியும் சேர்ந்த கோர்ஸ் வந்திருக்காமே மேடம், பொண்ணைச் சேர்க்கலாங்களா?"

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதும், எடுத்த கணக்கைப் பிரித்துப் பார்ப்பதும் பதினாறு வருடமாக என் வேலை. படித்தது உளவியல். புள்ளியியலை வேலைக்கு வந்த பிறகு, தப்புப் பண்ணித் திருத்தித்தான் கற்றுக்கொண்டேன். ஐந்து நிமிடப் பேச்சில் சொல்லி முடிகிற விஷயமாக இது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சேர்க்கலாம். ஆனால் அந்தப் படிப்பு முடிவதற்குள் உங்கள் பிள்ளை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேள்வி கேட்டுப் பழகியிருக்குமா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்று.

பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு கணக்கெடுப்பு. கல்யாணமான பெண்களிடம் "கல்யாணத்தப்போ உங்களுக்கு என்ன வயசு?" என்று ஒரு கேள்வி. பதில்களை வயதுவாரியாக வரைபடமாக்கினால் 15, 16, 17-ல் பட்டைகள் தரையோடு கிடந்தன. 18-ல் கோயில் கொடிமரம் மாதிரி ஒரே ஒரு தூண். 19-ல் மறுபடி சரிவு. பெங்களூரில் உட்கார்ந்து கணக்குப் போட்ட இளைஞருக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. இந்த வட்டாரத்தில் சட்டத்தை நன்றாக மதிக்கிறார்கள் என்று அறிக்கையில் எழுதியும் வைத்துவிட்டார். கணினி வேலையில் கெட்டிக்காரப் பையன்தான். அவருக்கு யாரும் திண்ணையைக் காட்டவில்லை, அவ்வளவே.

மனிதர்களின் வயது இயல்பாக அப்படி ஒரே இடத்தில் குவியாது. 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்த பிறகு அங்கன்வாடியில், பள்ளியில், கிராம சபையில் எல்லா இடத்திலும் "பெண்ணுக்குப் பதினெட்டு" என்று சொல்லிச் சொல்லி, சரியான விடை எது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கேட்பவர் கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் மாமியார் புளி தட்டிக்கொண்டே காது கொடுத்துக் கேட்கிறார். வேறு எந்த எண் வாயில் வரும்?

நான் மறுபடி போனேன். அதே வீடு, அதே பெண். இந்த முறை கொல்லைப்புறம் துணி அலசும் கல்லருகே உட்கார்ந்தோம். வயதை நான் கேட்கவே இல்லை. பெரிய பையன் எத்தனாவது படிக்கிறான் என்றேன். ஏழாவது. நீங்க எது வரைக்கும் படிச்சீங்க? "ஒம்பதாவது பாதியில நின்னுட்டேன்க்கா." கல்யாணம் அதுக்கப்புறம் எப்போ? "அடுத்த ஆடி கழிஞ்சு ஆவணியில." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர், நடுவிரலில் நிறுத்தினார். "அப்போ எனக்குப் பதினஞ்சுதானே ஆச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

நீங்கள் கேட்கும் அந்தக் கோர்ஸ் என்ன என்பது இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கிறது. தூணைக் கண்டுபிடித்தது தரவு அறிவியல், அதாவது டேட்டா சயின்ஸ். அந்தப் பெண் ஏன் பதினெட்டு என்றார் என்பது உளவியல். ஊர் எதை நல்லது என்று நினைக்கிறதோ அதையே பதிலாகச் சொல்லும் மனப்போக்கைப் பற்றி அந்தத் துறை நிறையவே ஆராய்ந்திருக்கிறது. வயதைக் கேட்காமல் வயதைத் தெரிந்துகொண்டது சமூக ஆய்வு முறை. கேட்டுத் தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லாமல், அவர் பெயரைத் தரவிலிருந்து நீக்கி வைப்பதும் அந்த முறையில் அடக்கம்.

தனித்தனியாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கணினி மட்டும் படித்தவர்கள் கொடுத்த அறிக்கை ஒன்றில், வாரத்தில் சராசரியாகப் 11 நாள் பழம் சாப்பிடுகிறார்கள் என்று வந்திருந்தது. வாரத்துக்கு ஏழு நாள்தானே? கேள்வித்தாளில் 99 என்றால் "தெரியாது" என்று அர்த்தம். அதையும் நாளாக நினைத்துக் கூட்டிவிட்டார்கள். உளவியல் மட்டும் படித்தவர்களிடம் வேறு குறை. மனச்சோர்வை அளக்க உலகமெங்கும் பயன்படுகிற ஒன்பது கேள்வி அளவுகோல் ஒன்று உண்டு. 2001-ல் வெளியானது, மொத்த மதிப்பெண் 27. ஒரு திட்டத்தில் அதை அவசரமாகத் தமிழாக்கி, ஒரு கேள்வியில் "சோர்வாக உணர்ந்தீர்களா" என்று போட்டுவிட்டார்கள். நூறு நாள் வேலை முடித்து, மாட்டுக்குப் புல்லறுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பெண் என்ன சொல்வார்? "சோர்வு இல்லாத நாள் ஏதுங்க." பாதி ஊருக்கு மனச்சோர்வு என்று கணக்கு வந்தது. நம் பக்கத்தில் "மனசு சரியில்ல", "எதுலயும் மனசு ஓடல", "நெஞ்சு பாரமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தைகளைப் போட்டுக் கேட்டபோது கணக்கு வேறாக வந்தது. மொழிபெயர்த்ததை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மூல மொழிக்கு மாற்றிச் சரிபார்க்கும் வழக்கத்தை முறையான படிப்பில் சொல்லித் தருகிறார்கள். அந்தத் திட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

கஷ்டமான கேள்வி ஒன்றை எப்படிக் கேட்பது என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகள். தர்மபுரி மாவட்டத்தில் 913. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "பார்த்தீர்களா?" என்று நேரில் கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதன் மூலக் கருத்தை ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் 1965-ல் எழுதினார். பயிற்சி வகுப்பில் நான் அதைப் புளியங்கொட்டையை வைத்துச் சொல்லித் தருகிறேன். ஒரு துணிப்பையில் பத்துக் கொட்டைகள். இரண்டைத் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்திருப்போம், இரண்டில் குங்குமப் பொட்டு, மீதி ஆறும் கறுப்பு. பதில் சொல்பவர் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து, தான் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் எதுவானாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும், பொட்டு வந்தால் "இல்லை". கறுப்பு வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் "ஆம்" என்றால் அது கொட்டை சொன்னதா அவர் சொன்னதா என்று கேட்பவருக்குத் தெரியாது. அவருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஊர்க் கணக்கு கிடைத்துவிடும். உதாரணத்துக்கு நூறு பேரில் 38 பேர் "ஆம்" என்கிறார்கள் என்று வையுங்கள். அதில் சுமார் 20 வெள்ளைக் கொட்டையால் வந்தது. மீதி 18, உண்மை சொன்ன 60 பேரிலிருந்து வந்தது. அறுபதில் பதினெட்டு என்றால் 30 சதவீதம். முதல் தடவை இந்தக் கணக்கு புரியும்போது பிள்ளைகள் முகம் மலர்வதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது.

கணக்கையும் மனசையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வழியை இன்றைக்கு வந்த புதுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே நம் நாட்டில் இது உண்டு. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இரண்டு கணக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்தவர் அவர். கேட்கும் ஆள் மாறினால் பதிலும் மாறும் என்பதைக் கணக்கிலேயே பிடித்துக் காட்டும் ஏற்பாடு அது. நிறையத் தரவு இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு 1936 அமெரிக்கத் தேர்தலைச் சொல்வேன். ஒரு பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகளை எண்ணி, அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் பெருவாரியாக ஜெயித்தார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் முகவரி எடுத்திருந்தார்கள். ஏழை வீடுகள் அதில் ஏது? இன்றைக்கு ஸ்மார்ட்போனில் வரும் தரவும் அப்படித்தான். சித்தேரி மலையில் சிக்னல் கிடைக்காத வீடும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடும் அதில் வராது.

சரி, எங்கே படிப்பது? வெளிநாட்டில் இதை ஒரே பட்டமாகவே தருகிறார்கள். சமூக அறிவியல் படிப்பவர்களுக்குக் கணக்கு வருவதில்லை என்ற கவலையில் பிரிட்டன் 2013-ல் கியூ ஸ்டெப் என்ற பெயரில் 1.95 கோடி பவுண்டு ஒதுக்கிப் பல்கலைக்கழகங்களில் மையங்கள் திறந்தது. லண்டன் யூ.சி.எல்.-லில் சமூக அறிவியலும் தரவு அறிவியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம் இருக்கிறது. நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.பி.எஸ். (மக்கள்தொகை ஆய்வு நிறுவனம்) தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துகிற நிறுவனம். அங்கே கணக்கெடுப்பு ஆய்வும் தரவுப் பகுப்பாய்வும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு உண்டு. பக்கத்தில் பார்த்தால், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல், சமூகவியல், புள்ளியியல் மூன்றுக்கும் துறைகள் இருக்கின்றன.

ஒரே பட்டமாகக் கிடைக்காவிட்டால் சேர்த்துக்கட்டலாம். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) அனுமதிக்கிறது. கல்லூரியில் உளவியலோ சமூகவியலோ நேரில் படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பை ஆன்லைனில் படிக்கலாம். அதற்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, ப்ளஸ் டூ எந்தக் குரூப்பில் முடித்திருந்தாலும் தகுதித் தேர்வு எழுதலாம். குடும்ப வருமானத்தையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு.

இரண்டு எச்சரிக்கை. உளவியலை ஆன்லைனிலோ தொலைதூர வழியிலோ பட்டமாக நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யூ.ஜி.சி. தடுத்துவிட்டது. யாராவது இப்போது அப்படி ஒரு சீட் தருகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள். அடுத்தது, இந்தக் கலப்புப் படிப்பை முடித்தவர் மனநல சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார். மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய அதற்கென்ற பயிற்சியும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவும் வேண்டும். "சைக்காலஜி படிச்சா கவுன்சிலிங் கிளினிக் வைக்கலாம்" என்று சேர்க்கை முகாமில் சொல்லப்பட்டு ஏமாந்த ஒரு பெண் என்னிடம் வந்து அழுதாள். மூன்று வருடக் கட்டணத்துக்கு அவள் அப்பா ஆடு மாடெல்லாம் விற்றிருந்தார்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கணினி அறையையும் காட்டுவார்கள். போன வருடம் மாணவர்கள் செய்த ஆய்வு ஒன்றின் கேள்வித்தாளைக் காட்டச் சொல்லுங்கள். யாரிடம், எந்த ஊரில் கேட்டார்கள், சம்மதம் எப்படி வாங்கினார்கள், பதில் சொல்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழு அதைப் பார்த்ததா என்று விசாரியுங்கள். இணையத்தில் இறக்கிய தரவை வைத்தே எல்லா புராஜெக்டும் செய்திருந்தால் யோசியுங்கள். மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தரவைப் பிரித்துப் பார்க்கப் பயன்படும் ஆர், பைத்தான் இரண்டும் இலவசம், வீட்டிலிருந்தே பழகலாம்.

நம் பிள்ளைகளிடம் ஒரு பலம் இருக்கிறது, அது அவர்களுக்கே தெரிவதில்லை. தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து வளர்கிறார்கள். மூன்று மொழியில் ஒரு கேள்வியின் அர்த்தம் எப்படி மாறுகிறது என்பது அவர்களுக்குப் பேச்சிலேயே புரியும். என் குழுவில் மிகச் சிறந்த களப்பணியாளர் அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். வாசலில் நின்று எந்த மொழியில் பேச்சைத் தொடங்குவது என்பதை உள்ளேயிருந்து வரும் குரலைக் கேட்டே முடிவு செய்துவிடுவாள்.

"கணக்கு வராதே மேடம்" என்பதுதான் கடைசியில் எல்லோரும் சொல்வது. மேலே சொன்ன புளியங்கொட்டைக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். நூறு பேரில் 38-க்குப் பதிலாக 44 பேர் "ஆம்" என்றிருந்தால் எத்தனை சதவீதம்? நாற்பது என்று சொல்லிவிட்டால் கணக்கைப் பற்றிய பயத்தை விட்டுவிட்டு விண்ணப்பம் வாங்கப் போகலாம்.